கிழங்கு வேறு, மருந்து வேறு!

காட்டுவள்ளிக் கிழங்கின் சாற்றைக் களிம்பாக்கி, "இயற்கைப் புரோசெசுத்தெரோன்" எனப் பெயர் பொறித்து விற்கும் வாணிகம் அமெரிக்காவிலும் பிற மேலை நாடுகளிலும் பல்லாண்டுகளாய்க் கொழுத்து வருகின்றது. பூப்பு நின்ற பெண்டிரே அவ்வாணிகர்க்கு இரை. செடிகொடிகளின்பாற் பற்றுடைய நம்மனோரும் 'இயற்கை' என்னும் சொல் கேட்டவுடன் தலையசைத்து விடுவர் ஆதலின், இதனை உடைத்துச் சொல்ல வேண்டியுளது.

புரோசெசுத்தெரோன் என்பது கருவைத் தாங்குமாறு கருப்பையைப் பண்படுத்தும் இயக்குநீர். உயிரணுவினுள் தனக்கென அமைந்த ஏற்பிப் புரதத்தில், பூட்டினுள் திறவுகோல்போற் பொருந்தியே அது தன் வினையை ஆற்றும். காட்டுவள்ளியில் உள்ளதோ தயோசுசெனின் என்னும் வேறு பொருள். நான்கு வளையங்கள் இணைந்த கூடு இரண்டிற்கும் பொது. ஆயினும் முன்னதில் கரிம அணுக்கள் 21, பின்னதில் 27. பகுதி 'வா' என்பதொன்றே என்பதற்காக, 'வந்தான்' என்பதும் 'வாரான்' என்பதும் ஒருபொருட் சொற்களாமோ? முன்னதைப் பின்னதிலிருந்து ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் மாந்தவுடலுக்கு இல்லை. தின்றாலும் இல்லை, தேய்த்தாலும் இல்லை.

அம்மாற்றம் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க வேதியியலார் இரசல் மார்க்கர், 1942-இல் மெக்சிகோவின் வெராக்ரூசுப் பகுதியில் அக்கிழங்கைத் தேடியெடுத்தார். மிகுதியான பக்கத்தொடரை வேதிவினைகளால் அறுத்து நீக்கி, அடுத்த ஆண்டிலேயே ஏறத்தாழ 3 கிலோ புரோசெசுத்தெரோனை ஆக்கிக் காட்டினார். 1951 அக்தோபர் 15-இல், செராசி, உரோசன்கிராண்சு ஆகியோர் குழுவிலிருந்த மிராமோந்தெசு என்னும் 26 அகவை மெக்சிகோ இளைஞர், அக்கூட்டில் ஓரணுவைக் களைந்தும் வேறோரிடத்தில் ஈரணுக்களைச் சேர்த்தும் நோரெத்திசுத்தெரோனைப் படைத்தார். விழுங்கினாலும் வலிகுன்றாது அவ்வேற்பியை இயக்கவல்ல அதுவே கருத்தடை மாத்திரைக்கு வழிகோலியது. கிழங்கு தந்தது கூடு, மருந்தாக்கியது மாந்தனறிவு. (கிழங்கைக் காட்டில் அகழ்ந்து சுமந்த மெக்சிகோ உழவர்க்குக் கிட்டிய கூலி மிகச் சிறிது, அது தனியே எழுதத்தக்க கொடுமை.)

"களிம்புதானே, தீங்கென்ன?" என்பார்க்கு ஒன்று கூறுவேன். பூப்பு நின்றபின் ஈசுத்திரோசன் உட்கொள்ளும் பெண், கருப்பை உடையளாயின், அதன் உட்படலம் மிகைத்துப் புற்றாகாவண்ணம் மெய்யான புரோசெசுத்தெரோனையோ அதன் வினைசெய்யும் மருந்தையோ உடன்கொள்ளல் வேண்டும். அவ்விடத்தில் வள்ளிக்களிம்பை நம்பியிருப்பவள் காவலின்றி நிற்கின்றாள். நிற்பதை அறியாமலும் நிற்கின்றாள். சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்ட எனக்கு, சொல்லைக்கொண்டு உயிரோடு விளையாடும் இவ்வாணிகத்தினும் இழிந்தது பிறிதொன்று தோன்றவில்லை. கிழங்குச்சாறு விற்பவன் கிழங்குச்சாறு என்றே எழுதி விற்கட்டும்! இல்லாத இயக்குநீரின் பெயரைக் குப்பியின்மேற் பொறிக்க அவனுக்கு உரிமை தந்தவர் யார்?