இரண்டு அங்குலம்

ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். குதிகால் சுவரில் ஒட்ட நின்றேன். தலைமேல் பலகையை இறக்கி, முடியை அழுத்தி, ஒரு அங்குலத்தை எட்டாகக் கூறுபோட்டு அளந்தார்கள். 5 அடி 8 அங்குலம், அதற்கு மேல் எட்டில் மூன்று. எடை 168 பவுண்டு. ஒருவர் உரக்க வாசித்தார். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணியொன்றிலிருந்து ஆள் தேட வந்திருந்த ஸ்கவுட் பேனாவை மூடிவிட்டார். நான் இன்னும் ஒரு அடிகூட ஓடவில்லை!

நான்கு வருடம் கல்லூரி அணியில் வைட் ரிசீவர் நான். எதிரே நிற்கும் கார்னர்பேக்கை ஏமாற்றிவிட்டு ஓடி, குவார்ட்டர்பேக் வீசும் பந்தைப் பிடிக்கவேண்டும். முதல் ஐந்து கஜத்துக்குள் கார்னர்பேக் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளலாம், விதி அனுமதிக்கிறது. "சின்ன ஆள், அங்கேயே முடக்கிப்போடுவான்" என்கிறார்கள். முடக்குவதற்கு என்மேல் கை படவேண்டாமா? நான்கு வருட ஆட்டமும் வீடியோவில் இருக்கிறதே, போட்டுப் பாருங்கள்! மைதானக் கோடியிலுள்ள எண்ட்ஸோன் மூலையில் எகிறிப் பிடிக்கிற பந்து உயரமானவனுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். அது ஒன்றுதானா ஆட்டம்?

வெஸ் வெல்கர் 5 அடி 9 அங்குலம். 2004இல் அவருக்கு, புது வீரர்களை அளந்து பார்க்கும் கம்பைன் சோதனைக்கே அழைப்பில்லை, அணிகள் சுற்றுச் சுற்றாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டிலும் யாரும் எடுக்கவில்லை. 903 பந்துகளைப் பிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அதே உயரமுள்ள ஸ்டீவ் ஸ்மித்தை 2001இல் மூன்றாம் சுற்றில்தான் எடுத்தார்கள். அவர் சேர்த்தது 14,731 கஜம். இவர்கள் பெயரைச் சொன்னால், "அவங்க கதையே வேற" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

லக்வான் ட்ரெட்வெல் 6 அடி 2 அங்குலம். 2016இல் முதல் சுற்று. முதல் வருடம் முழுக்கப் பிடித்தது ஒரே ஒரு பந்து. நிகீல் ஹாரி 6 அடி 4 அங்குலம், 2019இல் முதல் சுற்று. மூன்று வருடத்தில் வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அதற்காக அடுத்து வந்த எந்த உயரமானவனையாவது வாசலிலேயே நிறுத்தினீர்களா? அவன் தோற்றால் அவனோடு போயிற்று. எங்களில் ஒருவன் தோற்றால் மட்டும் எங்கள் எல்லார் தலையிலும் எழுதிவிடுகிறீர்களே, என்ன நியாயம் இது?

ஏப்ரலில் எனக்கான டிராஃப்ட். மூன்று நாள், ஏழு சுற்று. சமையலறை மேசையில் என் போனை சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் அம்மா. எல்லாம் முடிந்தபிறகு ஒரு பயிற்சியாளர் அழைத்தார். "உன் ஆட்டத்தில் குறையே இல்லை. இரண்டு அங்குலம் கூட இருந்திருந்தால் மூன்றாம் சுற்றிலேயே எடுத்திருப்பேன்."

ஆறுதலாம்! ஆட்டத்தில் குறையென்றால் விடிய விடிய ஓடித் திருத்திக்கொள்வேன். இந்த இரண்டு அங்குலத்துக்கு நான் எங்கே போவேன்?

போனை வைத்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், தானும் குள்ளம் என்பதற்காக.