எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

"குழந்தைக்குப் பதின்மூன்று பிராயம் ஆகிறது; என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" என்று முடிச்சூர்ப் பெற்றோர் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். முயல், ஆமைக் கதைகளைக் கடந்தாயிற்று. பெரியவர்களின் நாவலோ இன்னும் எட்டவில்லை. இந்த இடைக்காலத்தில் நாம் கொடுப்பது பரீட்சை நோட்ஸ் மாத்திரமே! 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் நம் ஊரில் நனைந்துபோன அலமாரிகள் பிறகு எவற்றால் நிரம்பின என்று பார்த்தாலே இது விளங்கும்.

இந்தப் பிராயத்துக்கு உபதேசம் ருசிக்காது; தம்மை ஒத்தவர்களின் மெய்யான வாழ்க்கை ருசிக்கும் என்பது நமது அபிப்பிராயம். மகாத்மா காந்தியின் 'சத்திய சோதனை'யில் இளமைப் பகுதியைக் கொடுங்கள். தாம் திருடியதையும், அதைத் தந்தையிடம் எழுதிக் கொடுத்து ஒப்புக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை. தமிழ்ப் பசியால் ஆசிரியரைத் தேடி அலைந்த சிறுவனை, டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் காணலாம். 1942-இல், பதின்மூன்றாம் பிறந்த நாளுக்குக் கிடைத்த நோட்டில் ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமி எழுதிய டைரி, பெண்களுக்கு மட்டுமன்றிப் பையன்களுக்கும் உரியது.

குழந்தைகளிடம் தகாத முறையில் நடப்போரைப் பற்றி வீட்டில் பேச நாம் கூசுகிறோம். அந்த எச்சரிக்கையைக் கதையாகவே சொல்கிறது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020-ஆம் ஆண்டுக்குரிய பால சாகித்திய புரஸ்காரம் பெற்ற நூல் அது.

ஒரு நிபந்தனை: முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு, புத்தகத்தைக் கொடுத்த கையோடு வினாத்தாளையும் நீட்டாதீர்கள்!