ஒலுவில் துறைமுகமும் அஷ்ரபின் அரசியலும்

ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடுகிறது. அதற்கு வடக்கே, நிந்தவூர்ப் பக்கமாக, கடல் கரையைத் தின்கிறது. தென்னைகளும் தோணி ஏற்றும் இடங்களும் போய்விட்டன. 2008இல் டென்மார்க் கடனுதவியுடன் கட்டத் தொடங்கி, 2013 செப்டம்பரில் மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்த துறைமுகம் இது. ஆனாலும் ஊரார் இதை அஷ்ரபின் கனவு என்றே சொல்கிறார்கள்.

சம்மாந்துறையில் 1948இல் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரப், 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் தமிழீழத்துக்காகப் பேசியவர். பிறகு முஸ்லிம் காங்கிரஸை வளர்த்தார். இதைத் துரோகம் என்று சொன்ன தமிழர்கள் உண்டு. ஆனால் 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்கள் கொல்லப்பட்டதையும், வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் தள்ளிவைத்துவிட்டு அவரது தனிவழியை எடைபோட முடியாது. ஆத்திரத்தில் இருந்த இளைஞர்களுக்கு அவர் காட்டிய ஆயுதம் வாக்குச்சீட்டு. அவரிடம் கொள்கை என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான் என்பது என் எண்ணம்.

பேரம் பேசுவதில் அவர் கூச்சப்பட்டதில்லை. 1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவை ஆதரித்ததற்கு விலையாக, விகிதாசாரத் தேர்தலின் வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைந்தது. (அதன் பயனை இன்றுவரை அனுபவிக்கும் சிறு கட்சிகளில் எத்தனை அவரை நினைக்கின்றன?) 1994இல், அம்பாறை உள்ளூராட்சித் தேர்தலில் சொன்னபடி வெல்லாததால் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார். நம் அரசியலில் இது அபூர்வம்.

அதே ஆண்டு சந்திரிகா அரசில் துறைமுக, புனர்வாழ்வு அமைச்சரானார். போர்ச் சூழலால் வந்தாறுமூலையில் படிப்பைத் தொடர முடியாத மாணவர்களுக்காக 1995இல் ஒலுவிலில் தொடங்கிய கல்லூரி, மறுவருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அது நிலைத்தது. தமிழ், சிங்கள மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள்.

அவர் கேட்ட தென்கிழக்கு அலகு மட்டும் தமிழர் தரப்பை உறுத்தியது. வடகிழக்கைத் துண்டாடும் திட்டம் என்றோம். சிறுபான்மைக்குள் சிறுபான்மையாய் வாழ்வோரின் அச்சத்துக்கு நாம் வைத்த மாற்றுத் தீர்வு என்ன என்று அப்போது நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

2000 செப்டம்பர் 16இல் கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் பறந்த அவரது ஹெலிகொப்டர் அரநாயக்கவில் விழுந்தது. பொதுத்தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அவருக்குப் பின் கட்சி பலவாக உடைந்தது. துறைமுகம் வந்தது, வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அவர் படத்தோடு வருகிறவர்களிடம் ஒலுவில் மீனவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: வாயிலில் மணலை அள்ளுவது யார், அரிந்துபோன கரைக்குப் பதில் சொல்வது யார்?