127 பேர் வேண்டாம் என்றும் வங்காளம் பிரிந்தது எப்படி?

ராட்கிளிஃப் கோடு போட்டார், வங்காளம் இரண்டானது. 1947 பற்றிப் பலரும் சொல்வது இதுதான். ஆனால் ராட்கிளிஃப் இந்தியாவுக்கு வந்ததே ஜூலை 8-ல்தான். பிரிப்பது என்ற முடிவை ஜூன் 20 அன்றே மாகாணச் சட்டமன்றம் எடுத்துவிட்டது.

வாக்கெடுப்பு எப்படி நடந்தது?

மவுண்ட்பேட்டனின் ஜூன் 3 திட்டம் ஒரு விதி வைத்திருந்தது. முஸ்லிம் பெரும்பான்மை மாவட்ட உறுப்பினர்கள் ஒரு பக்கம், மற்ற மாவட்டத்தினர் இன்னொரு பக்கம். ஏதாவது ஒரு பக்கம் ‘பிரிக்கலாம்’ என்று சொன்னாலே போதும்.

மேற்கில் 58 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. கிழக்கில் 106 பேர் எதிர்ப்பு, 35 பேர் ஆதரவு. கூட்டிப் பாருங்கள்: எதிர்ப்பு 127, ஆதரவு 93. ஆனாலும் மாகாணம் பிரிந்தது.

அப்போ சிறுபான்மை ஜெயித்துவிட்டதா?

அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. பிரியாவிட்டால் எந்த நாட்டோடு சேர்வது என்று அன்றே கூட்டு அமர்வில் கேட்டபோது, பாகிஸ்தான் பக்கம் 126 பேரும் இந்தியா பக்கம் 90 பேரும் நின்றார்கள். அதாவது ‘பிரிக்காதே’ என்றால் முழு வங்காளமும் பாகிஸ்தானுக்கு. 1946 ஆகஸ்ட் கல்கத்தா கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் சாதாரணமானதல்ல.

வேறு வழியே இல்லையா?

இருந்தது. சரத் சந்திர போஸ், மாகாணப் பிரதமர் சுஹ்ரவர்தி, அபுல் ஹாஷிம் ஆகியோர் இரண்டு நாட்டோடும் சேராத சுதந்திர வங்காளத்தைக் கேட்டார்கள். நேருவும் படேலும் ஏற்கவில்லை. சியாமா பிரசாத் முகர்ஜி பிரிவினையே வேண்டும் என்றார். முஸ்லிம் லீக்குக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. கடைசியில் வாக்கெடுப்பில் அந்த வாய்ப்பே இடம்பெறவில்லை.

மக்களிடம் கேட்டார்களா?

அசாமின் சில்ஹெட் மாவட்டத்தில் ஜூலையில் வாக்காளர்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். வங்காளத்தில் அது நடக்கவில்லை. சொத்து, வரி, கல்வி என்று தகுதி பார்த்து ஓட்டுரிமை தந்த தேர்தலில், மதவாரித் தொகுதிகளில் வென்று வந்தவர்களே முடிவெடுத்தார்கள். எல்லை எங்கே என்பதுகூட ஆகஸ்ட் 17-ல்தான் வெளியானது. முஸ்லிம்கள் அதிகமுள்ள முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு வந்தது. இந்துக்கள் சற்றே அதிகமிருந்த குல்னா பாகிஸ்தானுக்குப் போனது.

ஆகவே பழியை முழுக்க ராட்கிளிஃப் தலையில் போடுவது நியாயமில்லை. வாக்கெடுப்பு நடந்தது என்பதாலேயே அதை மக்கள் தீர்ப்பு என்பதும் சரியில்லை. கேள்வியை எழுதியவர்கள் எந்தப் பதில்களை உள்ளே விட்டார்கள் என்பதில்தான் வங்காளத்தின் விதி முடிவானது.