கருக்கலில் திரும்பியவள்

இருபது வருடம் இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பின் பிரதியைத் திருத்தியவன் நான். “ஐயா, என் கதையில் அந்தப் பிள்ளை காலையில் களையெடுக்கப் போய்க் கருக்கலில் வீடு திரும்புகிறாள். உங்கள் புத்தகத்தில் அதிகாலையில் திரும்புகிறாள். ராத்திரி பூராவும் எங்கே இருந்தாள் என்று என் மருமகள் கேட்கிறாள். என்ன சொல்ல?”

கருக்கலை அதிகாலை ஆக்கியது என் பேனாதான். நான் தஞ்சாவூர்க்காரன், கருக்கல் என்றால் என் காதில் விடியக்கருக்கல்தான் விழும். கரிசல் காட்டில் அந்தி மங்கும் பொழுதுக்கும் அதுவே பேர். கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார அகராதி அலுவலக அலமாரியிலேயே இருந்தது. தெரியாத சொல் என்றால் புரட்டியிருப்பேன். தெரிந்த சொல்லாயிற்றே!

அது இருக்கட்டும், அந்தச் சொல்லில் கைவைக்க எனக்கு என்ன வேலை? பதிப்பகத்தின் நடைக் கையேட்டில் ஒரு விதி இருந்தது: வட்டாரச் சொல் பாத்திரங்களின் பேச்சில் வரலாம், ஆசிரியர் கூற்றில் பொதுத்தமிழ்தான். எழுதிவைக்காமலே இந்த விதி இன்றும் பல இடங்களில் நடக்கிறது. மேற்கோள்குறிக்குள் கரிசல், வெளியே வந்தால் பாடநூல். கதை சொல்கிறவரும் அதே ஊர்க்காரர்தானே, அவர் மட்டும் ஏன் வேட்டியை மாற்றிக்கொண்டு வர வேண்டும்? 1976இல் வந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலை இந்த விதிப்படி திருத்திப் பாருங்கள். திண்ணையில் சாய்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்த பெரியவரை எழுப்பிக் கொண்டுபோய் மைக் முன்னால் நிறுத்தியது மாதிரி ஆகிவிடும்.

கையேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே தொகுப்பில் ஒரு பக்கத்தில் கோயில், மறுபக்கத்தில் கோவில். எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன், அந்த அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனை, 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு புதிய ணை, லை, னையில்தான் அச்சிடுகிறோம். அவருடைய நக்கல் ஓர் இம்மி குறைந்ததா? அது கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாற்றம். காதில் விழுகிற மாற்றம்தான் வம்பு. “ஒரு ஆள் வந்திருக்கான்” என்று வாசலில் நின்று கத்தும் பையனின் வாயில் இலக்கணப்படி ‘ஓர்’ என்று திணித்தால், அந்தக் கணமே அவன் தமிழ் ஐயா ஆகிவிடுகிறான்.

செய்தித்தாளின் கதை வேறு. பத்து நிருபர்கள் எழுதியது ஒரே பக்கத்தில் வருகிறது. அங்கே ஒரே குரல் இருந்தால்தான் நல்லது. இந்தக் கட்டுரையின் ‘வருடம்’ உங்கள் கைக்கு வரும்போது ‘ஆண்டு’ ஆகியிருந்தால் எனக்குப் புகார் இல்லை.

இப்போது சந்திப்பிழை திருத்த மென்பொருள் வந்துவிட்டது. ஒற்று போடட்டும், என் கண்ணுக்கு ஓய்வு. ஆனால் அது சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் ஊர்ச்சொற்களையும் இளைய திருத்துநர்கள் அப்படியே மாற்றிவிடுகிறார்கள். கேட்டால், “அதுல இந்த வார்த்தையே இல்ல சார்” என்கிறார்கள். எழுதியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்க இரண்டு நிமிடம் ஆகுமா? எங்கள் காலத்தில் போன் செலவு அதிகம்; அதனால் சந்தேகம் வந்தால் விளிம்பில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, தாளை எழுதியவருக்கே அனுப்புவோம். கருக்கலுக்குப் பக்கத்தில் நான் போடவில்லை. சந்தேகமே வரவில்லை.

அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுகிறேன் என்று அந்த அம்மாவுக்குப் பதில் எழுதினேன். அடுத்த பதிப்பு வரவேயில்லை. நூலக ஆணையில் போன பிரதிகளில் அந்தப் பிள்ளை இன்னும் அதிகாலையில்தான் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறாள்.