யார் பதில் சொல்லலை?

பி.காமில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது: ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் நோட்டை மூடித் திறந்து பிரயோஜனமில்லை, ஒவ்வொரு பக்கமாய்ச் சரிபார். கம்ப்யூட்டருக்கும் இதேதான். ஆனால் அங்கே எல்லோரும் ஓதும் வேதம், 'ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்!'

போன வருஷம் ஒரு ராத்திரி மாடி வீட்டுப் பெண் லேப்டாப்போடு இறங்கி வந்தாள். மலிவாக, லினக்ஸ் போட்டு வாங்கியது. கவுன்சலிங் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். ஸ்கேன் பண்ணிய மார்க் ஷீட் எல்லாம் அதற்குள். வைஃபை இருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள்.

"விண்டோஸா மேடம்?"

"லினக்ஸ்."

"எங்க லைன் நல்லா இருக்கு மேடம்." டொக்.

"என்ன அங்கிள் செய்யறது?" என்றாள் கண் கலங்க. (அங்கிளாம்! முப்பத்தாறு ஒரு வயசா?)

லினக்ஸில் டெர்மினல் என்றொரு கறுப்பு ஜன்னல் உண்டு. அதில் 'பிங்' என்று தட்டி ஒரு விலாசம் கொடுத்தால், அங்கே ஆள் இருந்தால் பதில் வரும். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983-ல் எழுதியது. சோனார் சத்தத்தின் பெயரையே வைத்துவிட்டார்.

கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். முதலில் 127.0.0.1. இது கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுக் கொள்வது. பதில் வந்தது. அடுத்து வீட்டு ரூட்டர், 192.168.1.1 (உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம்). வந்தது. மூன்றாவது கூகுளின் 8.8.8.8. அதுவும் வந்தது. ஆக, இன்டர்நெட் இருக்கிறது! கடைசியாக எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தோம். கப்சிப்.

பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துத் தருவது டிஎன்எஸ். டெலிபோன் டைரக்டரி மாதிரி. செட்டிங்ஸில் பார்த்தால், அவள் அண்ணன் சாயங்காலம் 'ஸ்பீடு கூடும்' என்று 8.8.4.4 போடப் போய், 8.8.4.44 என்று தட்டியிருக்கிறான். ஒரு 4 அதிகம்! திருத்தி, வைஃபையை அணைத்துப் போட்டதும் தளம் திறந்தது. பதினொன்றரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

ஆகவே வாசகர்களே, எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். ரூட்டரே பேசவில்லையா? வைஃபையையும் கேபிளையும் பாருங்கள். ரூட்டர் பேசி 8.8.8.8 பேசவில்லையா? கஸ்டமர் கேரோடு தைரியமாகச் சண்டை போடலாம். பெயருக்கு மட்டும் பதில் இல்லையா? டிஎன்எஸ்தான்.

இன்னொன்று. லினக்ஸில் பிங் பேச ஆரம்பித்தால் தானாக நிறுத்தாது. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்த வேண்டும். என் உறவுக்காரர்கள் சிலருக்கு இந்த வசதி இல்லை!