டூர் என்றால் ஊட்டி மட்டும்தானா?



வருஷா வருஷம் நம் வகுப்புகளில் ஒரு பட்டிமன்றம் தவறாமல் நடக்கும். தலைப்பு: 'ஊட்டியா? கொடைக்கானலா?' நடுவர் கிடையாது. யார் சத்தம் அதிகமோ அவங்க ஜெயிப்பாங்க. அப்புறம் ராத்திரி பத்து மணிக்குப் பஸ் ஏறி, விடிய விடியப் பாட்டுப் போட்டு ஆடி, ஊர் வந்ததும் தூங்கி வழிஞ்சு, நாலு போட்டோ எடுத்துக்கிட்டுத் திரும்பி வருவோம். வழியில் எந்த ஊர் வந்தது, எந்த ஆறு வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏன்னா, ஜன்னலுக்கு வெளியே ஒரே இருட்டு!

இதைக் குறை சொல்ல உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பு டூர் போனபோது நான் அந்தப் பஸ்ஸில் இல்லை. ஆளுக்கு 4,500 ரூபாய். மழைக்காலத்தில் வேலையில்லாமல் அப்பா வாங்கிய கடனே அப்போது அடையவில்லை. வீட்டில் கேட்க வாய் வரவில்லை. 'காய்ச்சல்' என்று சொல்லித் தப்பித்தேன். என்னைப் போலவே இன்னும் மூணு பேருக்கு அதே வாரத்தில் 'காய்ச்சல்' வந்திருந்தது பின்னாடிதான் தெரிந்தது!

அந்த நாலு பேரும் சேர்ந்து போன மே மாத லீவில் ஒரு பயணம் போனோம். இரவல் வாங்கிய இரண்டு பைக், நாலு ஹெல்மெட், ஆளுக்கு 700 ரூபாய், இரண்டு நாள். திருச்சியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை காவிரியையும் கொள்ளிடத்தையும் ஒட்டியே போவது என்று முடிவு. இரண்டு பேர் சிவில், ஒருவன் மெக்கானிக்கல், ஒருவன் எலக்ட்ரிக்கல்.

முதலில் திருச்சிக்கு மேற்கே உள்ள முக்கொம்புக்குப் போனோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இது. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, வெள்ளத்தில் இதன் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. புதிய கதவணையும் கட்டியாகிவிட்டது. பராமரிப்புப் பாடம் என்றால் வகுப்பில் நமக்கெல்லாம் கண்ணைச் சுழற்றும். அந்த இடத்தில் நின்றபோது தூக்கமே வரலை. மதகு ஏன் போச்சு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி அரை மணி நேரம் சண்டை போட்டோம். பரீட்சைக்குக் கூட நாங்க இப்படிப் பேசினதில்லை!

அங்கிருந்து திரும்பி ஆற்றங்கரையோடு கிழக்கே. ஒரு பக்கம் வாழையும் தென்னையும். இன்னொரு பக்கம் காவிரி... காவிரி என்று சொல்வதைவிட மணல் என்று சொல்லலாம். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருந்தது. வழியெல்லாம் வயல்கள் வெடித்துக் கிடந்தன. பம்பு செட் இருக்கிற வயல் மட்டும் பச்சை. புளியமரத்து நிழலில் நுங்கு விற்ற அம்மா, "தண்ணி வர்றப்ப வந்து பாருங்க தம்பி, கண்ணு நெறஞ்சிடும்" என்றார். எனக்கு என்னவோ வறண்ட காவிரியைப் பார்த்ததும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. ஒரு அணை எதற்கு என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

கல்லணை! கரிகாலன் கட்டியது என்பது நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்பது. ஆனால் மேலே நாம் பார்க்கிற மதகும் பாலமும் பிற்காலத்தவை. பழைய அணை கீழே இருக்கிறது. சுமார் 1,080 அடி நீளத்துக்கு ஆற்று மணல் மேலேயே கல்லும் களிமண்ணுமாய்ப் போட்ட அணை. கெட்டித் தரை கிடைக்கும் வரை தோண்டு என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். கெட்டித் தரையே இல்லாத ஆற்றில் என்ன செய்வது? பாறையைப் போடு, அது புதையட்டும், அதன் மேல் இன்னொன்றைப் போடு... இதைப் பார்த்துத்தான் மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கற்றுக்கொண்டோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு அவர் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். வாத்தியாருக்கே வாத்தியார் நம்ம ஆற்றுக்குள் இருக்கிறார். நாமோ அதன் மேல் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறோம்!

அன்று இரவு தஞ்சாவூரில் நண்பனின் அத்தை வீட்டில் தங்கல். மறுநாள் காலை பெரிய கோயில். வழியெல்லாம் மெக்கானிக்கல்காரன், "மச்சான், கோபுர நிழல் தரையில விழாதாம்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளே போனால், ஒன்பதரை மணிக்கே வெறுங்காலில் கல் சுடுகிறது. எல்லோரும் மேற்குப் பக்கம் நிழலைத் தேடி ஓடினோம். ஓடி நின்ற பிறகுதான் பார்த்தோம்... அது விமானத்தின் நிழல்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் இப்படித்தான். பல கற்களை இணைத்தது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

பொய்க் கதை எதற்கு தோழர்களே? சுற்றிலும் கல்மலையே இல்லாத ஊருக்குக் கருங்கல்லைக் கொண்டு வந்து, சாந்து இல்லாமல் சுமார் 200 அடி உயரத்துக்கு அடுக்கி, 1010-ல் முடித்திருக்கிறார்கள். இந்த நிஜம் போதாதா? டிப்ளமோ படிக்கிற நாமே சரிபார்க்காமல் கதை பரப்பினால், கட்டியவன் திறமையை நாமே மறைத்த மாதிரி ஆகாதா?

அங்கே ஒரு தமிழாசிரியர் தன் மாணவர்களுக்குக் கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் ஓரமாக நின்றோம். ராஜராஜன் பெயர் மட்டும் இல்லையாம். கோயிலைக் கட்டிய தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. 'இராஜராஜப் பெருந்தச்சன்' என்று ராஜா தன் பெயரையே அவருக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறார். நானூறு ஆடற்பெண்கள், தையல்காரர், குயவர், வண்ணார், நாவிதர் என்று யார் யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா? அதுவரை வகுப்பில் என் அப்பா 'கன்ட்ராக்டர்' என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் கொத்தனார். கொலறும் தூக்குக்குண்டும் பிடித்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். வேலை செய்தவன் பெயரை ஒரு ராஜா ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்ட வெட்கப்படவில்லை. நான் என் அப்பா தொழிலை வாயால் சொல்ல வெட்கப்பட்டேன். அங்கேயே மூணு பேரிடமும் சொல்லிவிட்டேன். "இதுக்காடா இத்தனை நாள்..." என்றான் ஒருவன். அவ்வளவுதான். இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி. அடுத்து அணைக்கரை. இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணை இருக்கிறது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது இங்கிருந்துதான். இந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலை இடித்து எடுத்திருக்கிறார்கள்! கொஞ்ச நேரத்தில் அந்தக் கோயிலுக்கே போய், மதில் இருந்த இடத்தைப் பார்த்தோம். ராஜேந்திர சோழனின் தலைநகரம். இன்று கோயிலும், அகழ்ந்தெடுத்த மாளிகைமேடும், புல்வெளியும், அமைதியும்தான். வயலுக்குத் தண்ணீர் கொடுத்தது சரியா? அதற்காகக் கோயிலை உடைத்தது தப்பா? நாளைக்கு எஸ்டிமேட் போடப் போகிற நாம், 'கல் எங்கிருந்து வருகிறது?' என்று ஒரு தரமாவது கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

ஆகவே, அடுத்த வருஷம் டூர் போகப்போகும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இதுதான். ஊட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலில் போங்கள். வழியில் இறங்கிப் பாருங்கள். ஒரு அணைக்குப் போனால் அஸ்திவாரத்தைப் பற்றி சிவில் பேசட்டும், மதகு தூக்கும் கியரைப் பற்றி மெக்கானிக்கல் பேசட்டும். கோயில் சுவரில் சாவியால் பெயர் கீறாதீர்கள். அந்தச் சுவரில் பெயர் வாங்கியவர்கள் உழைத்து வாங்கினார்கள். முக்கியமாக, யாருக்கும் 'காய்ச்சல்' வராத அளவுக்குக் கட்டணத்தை வையுங்கள்!

பொங்கல் லீவில் என் அப்பாவைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கல் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். அண்ணாந்து ரொம்ப நேரம் நின்றார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஏன்டா, இதுக்கு சாரம் எப்படிடா கட்டியிருப்பாங்க?"

மூன்று வருஷம் படித்த என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நண்பர்களே, இப்படி ஒரு கேள்வியோடு நம்மைத் திருப்பி அனுப்புவதுதான் நல்ல பயணம். போய் வாருங்கள்... கேள்வியோடு வாருங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை